ரெம்ப்ரான்டா, ஷகாலா: எந்த பைபிள் எட்சிங்கை மாட்டலாம்?

வீட்டுச் சுவருக்கு ஒரு பைபிள் எட்சிங்கின் (உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, மை தடவி அச்சிடும் படம்) பிரதி வேண்டும், 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ரான்டா, 20-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஷகாலா, யாருடையதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

கதை: ரெம்ப்ரான்டிடம் இரண்டு ஏற்பாடுகளும் உண்டு. 1956-ல் வெளிவந்த மார்க் ஷகாலின் 105 படங்களும் பழைய ஏற்பாடுதான், அதாவது இயேசுவுக்கு முந்தைய பகுதி. இயேசு வேண்டுமென்றால் இங்கேயே முடிவாகிவிடும்.

குறியீடு: ரெம்ப்ரான்ட் அதை ஒளித்து வைப்பார். 1648 வாக்கில் முடித்த 'நூறு கில்டர்' படத்தில் கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறான் பணக்கார வாலிபன். வலது ஓரத்து வாசலில் ஒரு ஒட்டகம். பணக்காரன் பரலோகம் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்ன அதே ஒட்டகம்! ஷகாலிடம் எல்லாம் நேரடி: மோசேயின் தலையிலிருந்து இரண்டு ஒளிக்கற்றைகள்.

கைவேலை: இருவருமே செப்புத் தகட்டில் பூச்சு தடவி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்தவர்கள். ஆனால் ரெம்ப்ரான்ட் பல இடங்களில் அமிலமே இல்லாமல் நேராகக் கீறுவார். கீறலின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் போன்ற கருமை தரும். அச்சிட அச்சிடப் பிசிறு நசுங்கிவிடும்; அதனால் முதலில் எடுத்த அச்சுகளுக்குத்தான் மவுசு. மலிவான பிரதியில் இந்தக் கருமை வெறும் கறுப்புத் திட்டாகிவிடும், கவனம்.

செலவு: ரெம்ப்ரான்டை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியக இணையதளத்திலிருந்து பெரிய அளவில் இலவசமாக இறக்கலாம். ஷகாலுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, காசு கொடுக்கத்தான் வேண்டும்.

கிட்டே நின்று பார்க்க இடமிருந்தால் ரெம்ப்ரான்ட். தூரத்துச் சுவர், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஷகால்.