மேடையேறியது பெயர் மட்டும்

போன சனிக்கிழமை இரவு ஏமாந்தேன். டிக்கெட் அசல்தான், அரங்கும் அசல்தான். போலி என்று சொன்னால் மேடையில் நின்ற இசைக்குழுவைத்தான் சொல்ல வேண்டும். அதையும் சட்டப்படி சொல்ல முடியாதாம்.

குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. பழைய இண்டி பாப் குழு, அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் பாடிய வகை. இங்கிலாந்தின் இசை இதழான என்எம்இ 1986இல் இப்படிப்பட்ட குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட சி86 கேசட்டுக்குப் பிறகு ஈசல்போலக் கிளம்பிய குழுக்களின் சாயல் கொண்டது. சலங்கை குலுங்குவது போன்ற பன்னிரண்டு தந்திக் கிட்டார், கூச்சப்படும் குரல், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு. இப்படிப்பட்ட குழுக்கள் பெரும்பாலும் பெருநகரங்களோடு திரும்பிவிடும். எங்கள் ஊர் போன்ற நடுத்தர நகரத்துக்கு வருகிறார்கள் என்றதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. முன்வரிசையில் இரண்டு டிக்கெட் வாங்கினேன், அக்காவுக்கும் சேர்த்து. அந்தக் கேசட்டுகளெல்லாம் அவளுடையவை, நான் திருட்டுத்தனமாகக் கேட்டு வளர்ந்தவன்.

சுவரொட்டியில் நால்வரும் இளமையாக நிற்கும் பழைய படம். பெயர் கொட்டை எழுத்தில். அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: 'குழுவினர் மாற்றத்துக்கு உட்பட்டவர்கள்'. அதைப் படித்தது நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு.

விளக்கு எரிந்ததும் அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "யார் இந்தப் பையன்?" என்றாள். பாடகருக்கு முப்பது வயது தாண்டியிருக்காது. பழைய நால்வரில் டிரம்ஸ் வாசிப்பவர் மட்டுமே வந்திருந்தார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வயதாகிறது, மனக்கசப்பு வருகிறது, பிரிகிறார்கள். மூன்றாவது பாட்டில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கிட்டார்க்காரரின் தந்தி ஒன்று அறுந்தது. அவர் நிதானமாக வாரைக் கழற்றி, அந்தக் கிட்டாரைச் சாய்த்து வைத்து, இன்னொன்றை எடுத்து மாட்டி, வயரைச் செருகினார். அவ்வளவு நேரமும் அந்தச் சலங்கைக் குலுங்கல் ஒரு சுரம்கூடப் பிசகாமல் ஒலிபெருக்கியில் வந்துகொண்டே இருந்தது. மேடையில் வேறு கிட்டார்க்காரர் கிடையாது.

பதிவுசெய்த இசையைக் கூடவே ஓடவிடுவது புதிதல்ல. டிரம்ஸ்காரரின் காதுக்குள் தாளத்துக்கான 'டிக் டிக்' ஒலி கேட்டுக்கொண்டிருக்கும். அவர் அதைப் பிடித்து வாசிக்க, மற்றவர்கள் அவரைப் பிடித்துப் போவார்கள். வயலின் கூட்டமோ கூடுதல் குரலோ லேப்டாப்பிலிருந்து வரும். பெரிய குழுக்களும் செய்வதுதான். ஆனால் கிட்டாரே உயிராக இருக்கும் இசையில் அந்தக் கிட்டாரையே லேப்டாப்பிடம் விட்டுவிட்டால் நாங்கள் எதற்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். 'அறிவித்த பெயரில் நிகழ்ச்சி நடந்தது, ரத்தானால் மட்டுமே பணம் திரும்பும்' என்று ஏற்பாட்டாளர்களிடமிருந்து இரண்டு வரி வந்தது. பெயரின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் யாரை மேடையேற்றினாலும் அதுதான் குழு என்பது அவர்கள் கணக்கு. இந்தத் தந்திரத்துக்கு வயது அதிகம். இங்கிலாந்தின் ஸோம்பீஸ் குழு பிரிந்த பிறகு அவர்களின் பாட்டு ஒன்று அமெரிக்காவில் பிரபலமாக, 1969இல் அதே பெயரில் போலிக் குழுக்கள் அங்கே ஊர் ஊராகப் போயின. அவற்றில் ஒன்றில் வாசித்த இருவர் பின்னாளில் இசட் இசட் டாப் என்ற அமெரிக்க ராக் குழுவில் புகழ்பெற்றார்கள்! 1974இல் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் மேலாளர், பெயர் தனக்கே சொந்தம் என்று சொல்லி, முற்றிலும் வேறு ஆட்களைச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பினார். அப்போது ஏமாந்த ரசிகர்கள் முன்னால் நான் எம்மாத்திரம்?

பழைய குழு ஒன்று உங்கள் நகரத்துக்கு வருவதாக விளம்பரம் பார்த்தால், முதலில் அதன் அசல் பாடகர் இப்போது என்ன செய்கிறார் என்று தேடுங்கள். அவருடைய சொந்தப் பக்கத்தில் இந்தத் தேதி இல்லையென்றால் உஷாராகிவிடுங்கள். நான் பத்து நிமிடம் தேடியிருந்தால் அவர் பல ஆண்டுகளாகத் தனியாகப் பாடிவருவது தெரிந்திருக்கும். இதே சுற்றுப்பயணத்தில் முந்தைய ஊர்களில் ரசிகர்கள் கைபேசியில் எடுத்த காணொளிகளையும் பாருங்கள். ஏற்பாட்டாளர்கள் வெளியிடும் முன்னோட்டம் வேண்டாம், அதில் பழைய பதிவின் ஒலியையே போட்டிருப்பார்கள்.

அதே சுவரொட்டி, அதே படம், கீழே வேறொரு நகரத்தின் பெயரோடு நேற்று கண்ணில் பட்டது. அடுத்த மாதமாம். படத்தில் இருக்கும் நால்வரில் உங்கள் ஊருக்கு வரப்போகிறவர் வலக்கோடியில் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பவர்.