டயர் மூடியில் ஒரு சென்சர்: சிங்கப்பூர் முதல் ஈப்போ வரை மூன்றரை வருட அனுபவம்

டயர் வால்வில் மூடியாக மாட்டிக் காற்றழுத்தத்தைத் திரையில் காட்டும் கருவி இது. இந்தக் கருவி கண்டுபிடித்த முதல் காற்றுக் கசிவு, இந்தக் கருவியே உண்டாக்கியதுதான். மாட்டிய இரண்டாவது வாரமே கழற்றிக் குப்பையில் போட இருந்தேன். போடாமல் விட்டதற்குக் காரணம் பொறுமை இல்லை, கொடுத்த 68 சிங்கப்பூர் வெள்ளி.

வாங்கியது 2022 மே மாதம். கொரோனாவால் மூடியிருந்த, மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் தரைவழி எல்லை அந்த வருடம் ஏப்ரல் 1ஆம் தேதிதான் முழுசாகத் திறந்தது. மனைவியின் வீடு ஈப்போவில். இரண்டு வருடம் தீவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கார், இனி ஒரே நாளில் 550 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஏழு பேர் உட்காரும் கார், 2011இல் பதிவானது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை 5 வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். டயர் அழுத்தம் காட்டும் வசதி அதில் கிடையாது. அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புது இலகு வாகனங்களுக்கு அது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும். என் கார் அந்த வரம்புகள் எதற்குள்ளும் வராத ஜப்பான்காரர்.

வாங்கும் யோசனை ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மச்சானிடமிருந்து வந்தது. அவர் காரின் பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டை மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். ஓட்டுகிற காரில் டயர் இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும், சத்தம் கேட்கும், இருக்கை ஆடும். இழுத்துப் போகும் வண்டியில் அப்படி எதுவும் தெரியாது. பின்னால் வருகிறவர் விளக்கடித்துக் காட்டினால்தான் உண்டு. மச்சானுக்கு அப்படித்தான் ஆனது. அவர் ஓரம்கட்டியபோது டயர் நார் நாராகக் கிழிந்து, சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டையும் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயையும் அடித்து நொறுக்கியிருந்தது. அதிலிருந்து நான்கு கேரவன் சக்கரங்களுக்கும் சென்சர் இல்லாமல் அவர் கிளம்புவதில்லை.

நம் ஊரில் கேரவன் இழுக்கிறவர் யார்? ஆனால் ஏழு பேர், பின்னால் பெட்டிகள், திரும்பி வரும்போது தம்பூன் பம்பளிமாசு ஒரு மூட்டை என்று ஏற்றினால், என் காரின் பின் சக்கரங்களும் கிட்டத்தட்ட அந்த நிலைமைக்குத்தான் வருகின்றன. இங்கே சிங்கப்பூர் விரைவுச்சாலையில் அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர். அங்கே மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110. அதனால் வாங்கினேன்.

பெட்டியில் இருந்தவை: நான்கு மூடிகள், டேஷ்போர்டில் வைக்கச் சூரியசக்தித் தகடு பதித்த ஒரு சின்னத் திரை, மூடிகள் திருடு போகாமல் பூட்டும் அறுமுனை நட்டுகள், ஒரு குட்டி ஸ்பேனர். ஒவ்வொரு மூடிக்குள்ளும் சிஆர்1632 என்ற காசு பேட்டரி. டயர் வால்வின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு இதைத் திருக வேண்டும். உள்ளே பொருத்தும் வகையும் இருக்கிறது, ஆனால் அதற்கு டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும், செலவும் கூட. நான் வெளி மூடி போதும் என்று நினைத்தேன்.

யீஷூனில் எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேலை நடந்தது. காரை ராத்திரி முழுக்க நிறுத்திய பிறகு, குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிப் போனாலே டயர் சூடாகிவிடும், கணக்கு தப்பும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 230 கிலோபாஸ்கல் என்றது, அதாவது 33 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு). கையடக்கப் பம்பில் நான்கையும் 33 ஆக்கி, மூடிகளைத் திருகி, நட்டுகளை இறுக்கினேன். இருபது நிமிடம். திரையில் நான்கு எண்கள் வந்தபோது பையன் கைதட்டினான்.

சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் இருந்தது. பார்க்கவில்லை. அங்கேதான் வினை.

மூன்று நாளில் வலது பின் டயர் 29 காட்டியது. காற்றடித்தேன். மறுநாள் 31. ஆணி தேடினேன், இல்லை. காக்கி புக்கிட்டில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிள் டயரைத் தண்ணீரில் முக்கவே இல்லை. மூடியைப் பார்த்தார், விரலால் லேசாக ஆட்டினார், எச்சிலைத் தொட்டு வைத்தார். குமிழி வந்தது.

விஷயம் இதுதான். சாதாரண மூடி தூசிக்கு மட்டும். காற்றைப் பிடித்து வைப்பது வால்வுக்குள் இருக்கும் ஊசி. இந்த சென்சர் மூடியோ அழுத்தத்தை அளக்க வேண்டி அந்த ஊசியை எப்போதும் அமுக்கியே வைத்திருக்கிறது. அப்படியென்றால் காற்றுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருப்பது மூடிக்குள் உள்ள ரப்பர் வளையம் ஒன்றே. அது கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் போச்சு. போதாததற்கு என் வால்வுத் தண்டுகள் பழைய ரப்பர். பத்து கிராமுக்கு மேல் எடையை அவற்றின் நுனியில் மாட்டி 110இல் சுழற்றினால் அடியில் வெடிப்பு விடும், ஒன்றில் ஏற்கனவே மயிரிழை தெரிகிறது என்று காட்டினார். நான்கையும் உலோகத் தண்டாக மாற்றினார். 60 வெள்ளி. கருவி 68, அதைத் தாங்கத் தண்டு 60. விற்றவரின் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. யாராவது வெளி மூடி வகை வாங்குவதாக இருந்தால் தண்டுச் செலவையும் சேர்த்தே விலை பாருங்கள்.

அதற்கப்புறம் கசியவில்லை. எச்சரிக்கை அளவுகளை மாற்றியதுதான் அடுத்த வேலை. அமெரிக்க விதி, அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்கிறது. 33க்கு அது ஏறக்குறைய 25. சுமை ஏற்றிய காரில் 25 வரை காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை, கீழ் எல்லையை 29இல் வைத்தேன். மேல் எல்லை 42. முதலில் 38 வைத்துப் பார்த்து, பாகோ தாண்டியதும் வெயிலில் நான்கும் சேர்ந்து கத்தி, பின்னால் தூங்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டயருக்குள் வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். காலையில் 33 வைத்துக் கிளம்பினால் ஒரு மணி நேர ஓட்டத்தில் 36, 37 சாதாரணம். சூடான டயரில் 37 பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடக் கூடாது, ஆறினதும் குறைந்துபோய் நிற்கும்.

எண்களை முறைத்துப் பார்ப்பது முதல் இரண்டு மாதம் ஒரு வியாதியாகவே இருந்தது. திறந்தவெளியில் நிறுத்தினால் வெயில் பட்ட பக்கம் 2 பிஎஸ்ஐ கூடக் காட்டும். கேமரன் மலையில் தானா ராத்தாவில் தங்கிய மறுநாள் விடியற்காலைக் குளிரில் நான்கும் 31, 32க்கு இறங்கி நின்றன. மனைவி ஒருநாள் சொல்லிவிட்டாள்: "ரோட்டைப் பாருங்க, நம்பரை நான் பாத்துக்கிறேன்."

எதைப் பார்க்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் பள்ளி விடுமுறையில், பெர்த்தில்தான் புரிந்தது. மச்சானின் கேரவனோடு ஆல்பனி வரை போனோம், ஒரு வழிக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். அவர் வைத்திருப்பதும் வெளி மூடி வகைதான், ஆனால் கேரவனின் முன்பெட்டிக்குள் ஒரு ரிப்பீட்டர், அதாவது சென்சரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி, இருந்தது. கடைசிச் சக்கரத்துக்கும் டேஷ்போர்டு திரைக்கும் நடுவில் பத்து மீட்டருக்கு மேல் தூரம், அதோடு காரின் உடம்பு, கேரவனின் அலுமினியத் தகடு. ரிப்பீட்டரை 12 வோல்ட்டில் இணைப்பதற்கு முன்னால் பின் சக்கரங்களின் எண்கள் வந்து வந்து போகுமாம். ஆஸ்திரேலியாவில் கேரவன் எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அவர் திரையில் உள்ள எண்ணைப் படிக்கும் விதம் என்னுடையதுபோல் இல்லை. "என்ன ஏத்தம்?" என்றுதான் கேட்பார். காலையில் இருந்ததைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே நான்கு சக்கர வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: ஓடிச் சூடான பிறகு 4 பிஎஸ்ஐ ஏறினால் சரி, கனரக டயருக்கு 6. அதைவிட அதிகம் ஏறினால் காற்றைக் குறைவாக அடித்திருக்கிறோம். எனக்கு முதலில் இது தலைகீழாகப் பட்டது. யோசித்தால் சரிதான். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடாகும், சூட்டில் அழுத்தம் ஏறும். ஏற்றம் குறைவாக இருந்தால் அதிகம் அடித்துவிட்டோம்.

திரும்பி வந்ததும் நானும் ஏற்றத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். கிளம்பும்போது நான்கு எண்களையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

2024 தீபாவளிக்கு முதல் நாள், அக்டோபர் 30. சிங்கப்பூர் கார் முக்கால் டேங்க் பெட்ரோலோடுதான் எல்லை தாண்ட வேண்டும் என்ற விதிக்காக முந்தின ராத்திரியே நிரப்பியாயிற்று. விடியற்காலை நாலு மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை. கூலாய் தாண்டி நல்ல வேகம் பிடித்து ஓடிக்கொண்டிருந்தபோது திரையைப் பார்த்தேன். மூன்று டயர் 36. இடது பின் 33.

33 என்பது காலையில் நான் வைத்த அளவு. எச்சரிக்கை எதுவும் இல்லை, பச்சை நிறம், எல்லாம் நலம் என்கிறது கருவி. 2022இல் இருந்த ஆளாக இருந்தால் நானும் நலம் என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் மற்ற மூன்றும் ஏறும்போது ஒன்று மட்டும் ஏறவில்லை என்றால், ஏற வேண்டிய அளவு எங்கேயோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தி ஃபோன் விளக்கில் பார்த்தேன். டயரின் உள்பக்க ஓரத்தில் ஒரு திருகாணி, தலை தேய்ந்து பளபளவென்று. நாங்கள் தேத்தாரே (இழுத்து ஆற்றிய டீ) குடித்து முடிப்பதற்குள் 30க்கு வந்துவிட்டது. பம்பில் 36 அடித்து, ஆயர் ஹீத்தாம் வெளியேற்றத்தில் இறங்கி, டயர் கடை திறக்கும்வரை அங்கேயே பசியாறினோம். கடைக்காரர் பிளக் வைத்தார், 15 ரிங்கிட். நியாயமாகச் சொன்னால், இன்னும் அரை மணி நேரத்தில் 29ஐத் தொட்டு அலாரமும் அடித்திருக்கும். ஆனால் அப்போது இருட்டில், லாரிகளுக்கு நடுவில், ஓய்விடம் இல்லாத ஒரு துண்டில் இருந்திருப்பேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரையை ஒட்டிய பசை எட்டு மாதத்தில் நம் வெயிலுக்கு உருகி, ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுபட்டது. இப்போது புது இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவியின் திரையும் வந்து உட்கார்ந்திருப்பதால் டேஷ்போர்டில் இடமும் இல்லை, இதை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். மூடிப் பேட்டரி பதினான்கு மாதம் வந்தது. ஒன்று மழைக்காலத்தில் உள்ளே ஈரம் புகுந்து செத்தது, தனி மூடி விற்க மாட்டார்களாம், அதனால் இன்னொரு செட் வாங்க வேண்டியதாயிற்று. டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் திரைக்கு அது தெரியாது, மூடிகளையும் கழற்றி இடம் மாற்ற வேண்டும். காட்டும் வெப்பநிலையை நான் நம்புவதில்லை. மூடி வெளியே காற்றில் இருக்கிறது, டயருக்குள் இருக்கும் சூடு அதற்கு எப்படித் தெரியும்? அழுத்தம் மட்டும் கையடக்க அழுத்தமானியோடு ஒப்பிட்டால் 1 பிஎஸ்ஐக்குள் ஒத்துப்போகிறது.

பூட்டு நட்டை ஆறாம் மாதமே கழற்றிவிட்டேன். காற்றடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் குட்டி ஸ்பேனரைத் தேடி, பின்னால் வரிசையில் நிற்கிறவரின் ஹார்னைக் கேட்டுக்கொண்டு குனிந்து திருக முடியாது. திருடு போனால் போகட்டும். இதுவரை போகவில்லை. ஆனால் மூடியின் உலோகமும் தண்டின் உலோகமும் வெவ்வேறு என்பதால் மழையில் ஒன்றோடொன்று பூத்து ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை இடுக்கி வைத்துத்தான் திருப்ப முடிந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, மரையில் சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு வைத்து மாட்டுகிறேன். மாட்டியதும் சோப்புத் தண்ணீர், தவறாமல்.

2026இல் சான்றிதழ் முடிகிறது. 5 வருடப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது, கார் போய்விடும். அடுத்து வாங்கும் காரில் இது உள்ளேயே இருக்கும். மூடிகளைத் தன் படகு டிரெய்லருக்குக் கேட்டார் மச்சான். சரிவில் உப்புத் தண்ணீருக்குள் சக்கரத்தோடு இறக்குகிற வண்டிக்கு வேண்டாம் என்றேன். அப்படியானால் தோட்டக் குப்பை ஏற்றும் சின்ன டிரெய்லருக்குக் கொடு என்கிறார். அதற்கு இரண்டு போதும், தூரமும் குறைவு, ரிப்பீட்டர் தேவைப்படாது. வலது பின் மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டும்.