மேட்கேப் ஃப்ளேரா, மார்க்டவுனா? ஹெல்ப் டீமுக்கு எது தோது

எங்கள் டாக்குமென்டேஷன் டீம், ஹெல்ப் கையேடுகள் எழுதும் மென்பொருளான ஃப்ளேரை விட்டு, மார்க்டவுன் (சில குறிகளோடு வெறும் டெக்ஸ்டாக எழுதும் முறை), கிட் (ஃபைல்களில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), ஸ்ஃபிங்க்ஸ் (அந்த டெக்ஸ்டை ஹெல்ப் பக்கங்களாக்கும் கருவி) மூன்றுக்கும் மாறிவிட்டது. மாறலாம் என்று வாதாடியவள் நான்தான், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்ததே.

ஃப்ளேருக்கு லைசென்ஸ் காசு, விண்டோஸ் மெஷின் இரண்டும் வேண்டும். மற்றது இலவசம், எதிலும் ஓடும். எங்களை மாற வைத்தது பராமரிப்பு.

ஹெல்ப் பக்கத்தை எழுதி முடித்த பிறகுதான் பாடே ஆரம்பிக்கிறது. ஸ்பிரின்ட் (டெவலப்பர்களின் குறுகிய வேலைச் சுற்று) முடிகிற நேரத்தில் ஒரு டெவலப்பர் 'சேவ்' பட்டனை 'பப்ளிஷ்' என்று மாற்றுவார். முன்பெல்லாம் அது எங்களுக்கு டிக்கெட்டாக வந்தால் உண்டு. இல்லாவிட்டால் குழம்பிப்போன கஸ்டமர் சப்போர்ட்டுக்குப் போன் செய்யும்போதுதான் தெரியவரும். இப்போது புரோகிராம் கோடும் ஹெல்ப்பும் கிட்டில் ஒரே ரெப்போவில், அதாவது ஒரே சேமிப்பிடத்தில், இருக்கின்றன. பட்டனை மாற்றுகிறவரே அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையில்) ஹெல்ப் வரியையும் மாற்றுகிறார். ரிவ்யூவில் பழைய வரி சிவப்பிலும் புது வரி பச்சையிலும் தெரியும். மொழியைச் சரிசெய்து அப்ரூவ் கொடுத்துவிடுவேன். ஃப்ளேர் ஃபைல்களையும் கிட்டில் வைக்கலாம்தான். ஆனால் உள்ளே இருப்பது எக்ஸ்எச்டிஎம்எல், டேக் எனும் குறிகள் நிறைந்த வெப் பக்க மொழி. அத்தனை டேக்குக்கு நடுவே ஒரு சொல்லைத் தேடித் திருத்த டெவலப்பர்களுக்குப் பொறுமை கிடையாது.

ஸ்ஃபிங்க்ஸ் 2008-இல் பைத்தான் மொழியின் கையேடுகளுக்காக வந்தது. வார்னிங்கையே எரராக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆப்ஷன் அதில் உண்டு. யாராவது ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு, அதற்குப் போகும் லிங்க்கை மறந்தால் பில்ட் (பக்கங்களை உருவாக்கும் வேலை) அங்கேயே நின்றுவிடும். இந்த ஒன்றுக்காகவே மாறலாம் என்பேன்.

ஃப்ளேர் ஜெயிக்கும் இடமும் உண்டு. அச்சுக்குப் போகிற பிடிஎஃப் அதில் அழகாக வரும். ஒரே மூலத்திலிருந்து அட்மின் கையேட்டையும் யூசர் கையேட்டையும் பிரித்தெடுக்க, எந்தப் பகுதி எதற்கு என்று குறிக்கும் அதன் கண்டிஷன் டேக்குகள் அருமை. ஸ்ஃபிங்க்ஸில் அதே வேலைக்கு 'ஒன்லி' என்ற கட்டளை இருக்கிறது, ஆனால் தலைப்புகளை அதற்குள் வைத்தால் சிக்கல். வழக்கமான மார்க்டவுன் டேபிளில் இரண்டு கட்டங்களை ஒன்றாகச் சேர்க்கவும் முடியாது. உங்கள் வாடிக்கையாளர் கேட்பது பிடிஎஃப் மட்டும்தான் என்றால் ஃப்ளேரிலேயே இருங்கள்.

மொழிபெயர்ப்பில் எனக்கு அனுபவம் குறைவு. ஸ்ஃபிங்க்ஸ் பத்தி பத்தியாகப் பிரித்து மொழிபெயர்ப்பு ஃபைல் தரும். எங்களிடம் உள்ள சில மொழிகளுக்கு அது போதுகிறது. ஏராளமான மொழிகளில் வெளியிடும் டீம், முதலில் ஒரு சின்னக் கையேட்டை மட்டும் மாற்றி, மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போய்த் திரும்பும் வரை பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.