தறிச் சத்தமும் ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷனும்

காஞ்சிபுரத்தில் பெரியப்பா வீட்டுக் கைத்தறியை மூன்று நாள் பதிவு செய்தேன். குறுக்கு நூலைக் கொண்டு பாயும் நாடாவின் 'சர்ர்', அந்த நூலை நெருக்கி அடிக்கும் பலகையின் 'டக்', இந்த இரண்டை வைத்தே ஒரு தாளம் கட்ட வேண்டும் என்று ஆசை. ஊருக்குத் திரும்பி ஹெட்ஃபோனில் கேட்டால், தறியைவிட ஃபேன்தான் முன்னால் நிற்கிறது. சித்திரை வெயிலில் நெய்கிறவரிடம் ஃபேனை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி, தெரு ஹாரன் வேறு.

சுத்தம் செய்ய ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை எடுத்தேன். காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதில் உள்ள நாய்ஸ் ரிடக்‌ஷன் என்னும் இரைச்சல் தணிப்புக்கு இரண்டு படி. ஃபேன் மட்டும் கேட்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து ஓட்ட வேண்டும். ஒலியைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து, காட்டிய இரைச்சலின் அளவைத் தாண்டாதவற்றை அது தணிக்கும்.

ஒரே சீராக ஓடும் ஃபேனுக்கு இது அருமை. ஏறி இறங்கும் மிக்ஸிக்கும் ஹாரனுக்கும் உதவாது. அந்த இடங்களை வெட்டி எறிந்தேன். இரண்டு நல்ல நிமிடங்கள் அப்படிப் போனதில் இன்னும் வருத்தம் உண்டு.

பெரிய வேதனை வேறு. முதலில் 24 டெசிபல் தணித்தேன். ஃபேன் போயிற்று, கூடவே நாடாவும் போயிற்று. மிச்சம் இருந்தது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒரு கிணுகிணுப்பு. யோசித்தால் காரணம் புரிகிறது: நாடாவின் 'சர்ர்' எல்லா அலைவரிசையிலும் பரவிய மெல்லிய ஓசை, ஃபேன் காற்றும் அப்படித்தான். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று. ராகமாக நீளும் குரலென்றால் இந்தச் சிக்கல் இவ்வளவு இருக்காது.

இங்கேதான் 'ரெசிட்யூ' என்ற தெரிவு கைகொடுத்தது. எதை நீக்கப் போகிறது என்பதை மட்டும் தனியாகக் கேட்கலாம். அதில் நாடா கேட்டால் அளவைக் குறைக்க வேண்டும். குறைத்துக் குறைத்து 6 டெசிபலில் நின்றேன். அதற்கு முன், வைத்த அளவுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளைத் தணிக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்ததில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் முனகலும் அடங்கியது. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். ஒரே குறை, நாய்ஸ் ரிடக்‌ஷனை ஓடவிட்டபடியே திருத்த முடியாது. ஒவ்வொரு முறையும் சில விநாடி முன்னோட்டம் கேட்டு, மாற்றி, மறுபடி கேட்க வேண்டும். இரண்டு ராத்திரி அதிலேயே போயிற்று.

களப்பதிவில் இசை செய்ய நினைப்பவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஃபேன் லேசாகக் கேட்கட்டும், விடுங்கள். அது அந்த வீட்டின் சத்தம்.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன். இந்த முறை மைக்கைப் பலகைக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்தலாமா என்று போனில் கேட்டேன். "அதுக்கென்னப்பா, காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வா" என்றார் பெரியப்பா.