கூகுள் டாக்ஸ் ஆவணங்களுக்குக் கணினியில் நகல்: ஆறாண்டு அனுபவம்

மொழிபெயர்ப்புக் கைப்பிரதிகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் 6 ஆண்டுகளாகக் கூகுள் டாக்ஸிலும் ஷீட்ஸிலும்தான் வைத்திருக்கிறேன். எதற்கும் ஒரு நகல் கையில் இருக்கட்டும் என்று, கணினியில் தெரியும் கூகுள் டிரைவ் கோப்புறையை மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வந்தேன். இணையம் கிடைக்காத ஊர் ஒன்றில் அந்த டிஸ்க்கைத் திறந்தபோதுதான், 400 பக்கக் கைப்பிரதி ஒரு கேபி அளவுகூட இல்லாததைக் கவனித்தேன். ‘ஜிடாக்’ என்று முடியும் அக்கோப்பை நோட்பேடில் திறந்தால், திருத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையும் ஆவணத்தின் அடையாளக் குறியீடும் என் மின்னஞ்சல் முகவரியுமே இருந்தன. டிரைவ் செயலியில் ‘மிரர்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் பிடிஎஃப், படங்கள் போன்றவை முழுமையாகக் கணினிக்கு இறங்கும். டாக்ஸ், ஷீட்ஸ் ஆவணங்களுக்கோ முகவரிச் சீட்டு மட்டுமே வரும். இதை முன்பே விசாரித்து அறியாதது என் பிழை.

பிறகு, நம் தரவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள உதவும் கூகுளின் டேக்அவுட் சேவைக்கு மாறினேன். அது ஆவணங்களை வேர்டு, எக்செல் வடிவங்களுக்கு மாற்றி, ஜிப் கோப்புகளாகத் தருகிறது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தானாகத் தயாராகும்படி அமைக்கலாம் என்றாலும், ஓராண்டு முடிந்ததும் மீண்டும் நாமே அமைக்க வேண்டும். தயாரான தொகுப்பையும் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும்.

வேர்டு வடிவத்தில் பக்கக் குறிப்புகளும் பரிந்துரைத்த திருத்தங்களும் பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துசேர்கின்றன. வராதது பதிப்பு வரலாறு. ஒரு பத்தி எந்த நாளில் எப்படி இருந்தது, யார் மாற்றினார்கள் என்பதே பல சமயங்களில் பத்தியைவிட எனக்கு முக்கியம். இறக்கிய கோப்பில் அதன் தடயமே இல்லை. ஷீட்ஸில் நிலைமை இன்னும் விசித்திரமானது. டாலர் மதிப்பை எடுத்துவரும் ‘கூகுள்ஃபைனான்ஸ்’ சூத்திரம், எக்செல் கோப்பில் இறக்கிய நாளின் எண்ணோடு உறைந்துவிடுகிறது; சூத்திரப் பட்டையைப் பார்த்தால் ‘டம்மிஃபங்ஷன்’ என்றிருக்கும். பொருத்தமான பெயர்தான். ஓர் ஆவணத்திலிருந்து மற்றோர் ஆவணத்துக்குக் கொடுத்த இணைப்புகளும், அருகிலேயே நகல் இருந்தாலும், இணையத்தில் உள்ள மூலத்துக்கே போகின்றன.

இப்போது ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும், பதிப்பு வரலாற்றில் அந்தக் கட்டத்துக்குப் பெயரிட்டு, அதைத் தனி நகலாக்கி, வேர்டு கோப்பாக நானே இறக்கிவைக்கிறேன். அத்தியாயத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. பழைய ஜிடாக் கோப்புகளை டிஸ்க்கிலிருந்து அழித்துவிட்டேன். அவற்றின் பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம் நகல் இருப்பதாகவே தோன்றிக்கொண்டிருந்தது.