தபால்காரரின் முதல் ஆல்பம்

அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் ஜான் பிரைனின் முதல் ஆல்பம் 1971-ல் வந்தது, நான் இப்போதுதான் முழுசாகக் கேட்டேன். சிகாகோ பக்கம் தபால் பட்டுவாடா செய்துகொண்டே மனசுக்குள் பாட்டு கட்டியவர், 25 வயதுகூட ஆகாத பையன், 'ஹலோ இன் தேர்' பாட்டில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட வயதான தம்பதியின் வீட்டு அமைதியை எப்படித்தான் எழுதினாரோ! ஒரு மகனைக் கொரியப் போரில் இழந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார், அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

குரல் கொஞ்சம் மூக்கால்தான், பெரிய சங்கதியெல்லாம் கிடையாது. சில பாட்டுகளில் பக்க வாத்தியம் குறைவாக இருந்திருக்கலாம். அப்புறம் 'பாரடைஸ்', நிலக்கரிக்காகக் கென்டக்கியில் ஓர் ஊரையே வாரிக்கொண்டு போன கதை, அதை மட்டும் நாலு தடவை கேட்டேன். வரிகளுக்காகப் பாட்டு கேட்பவர்கள் கண்டிப்பாகக் கேளுங்கள், முதல் தடவை தனியாக.