மால்குடி பார்க்க ஷிமோகா போகிறீர்களா? முன்பணம் அனுப்பாதீர்கள்

14,500 ரூபாய் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் தூர்தர்ஷனில், ஆர்.கே. நாராயணின் கற்பனை ஊரான மால்குடியை வைத்து வந்த ‘மால்குடி டேஸ்’ சீரியலைப் பார்த்தவர் என் அப்பா. ஷங்கர் நாக் அதை எடுத்த, கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயையும், மால்குடி ஸ்டேஷனாகக் காட்டிய அரசாளு ரயில் நிலையத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடத்தை 2020இல் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். அதோடு சாகரா பக்கம் கெளதி ஊரில், அந்தப் பகுதியை ஆண்ட கெளதி நாயக்கர்களின் அருங்காட்சியகமும் பார்க்கலாம் என்று, இந்த மாதிரி ‘ஷூட்டிங் ஸ்பாட் டூர்’ விற்கும் ஒரு ஆன்லைன் பக்கத்தில் விசாரித்தேன்.

பேசியவர் நல்ல தமிழில் பேசினார். விலையைச் சொல்வதற்கு முன்பே, "அப்பாவுக்கு முட்டி வலி இருக்காண்ணா? முன் சீட்டு அவருக்குத்தான், நான் சொல்லிடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா? ஆகும்பேயில் சீரியல் எடுத்த பழைய பெரிய வீடான தொட்டமனையின் திண்ணைத் தூண்களைப் படம் அனுப்பி, அங்கேயே மதியச் சாப்பாடு, உள்ளே போக ‘ஸ்பெஷல் பாஸ்’ என்றெல்லாம் சொன்னார். 14,500 முழுசும் முன்னாடியே வேண்டும், சீசன் அண்ணா என்றார். ஜிபே பண்ணினேன்.

விடியற்காலை வர வேண்டிய கார் பத்து மணிக்கு மேல் வந்தது. டிரைவர் கையிலிருந்த தாளில் ஆகும்பே மட்டும்தான். அங்கேயும் ஏதோ ஒரு ஓட்டு வீட்டின் முன் நிறுத்தி, "இதுதான் சீரியல் வீடு" என்று ஆளுக்கு 200 வாங்கினார்கள். டீக்கடை அம்மா சிரித்துவிட்டு, தொட்டமனை இருக்கும் தெருவைக் கை காட்டினார். போய் வாசலில் நின்றோம். அது ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு, அங்கே பாஸ் என்று எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்கு யாரும் சொல்லிவைக்கவும் இல்லை.

அரசாளு? "அது வேற ரூட் சார், எக்ஸ்ட்ரா நாலாயிரம்." உண்மையிலேயே வேறு ரூட்தான். ஆகும்பே தீர்த்தஹள்ளி பக்கம், அரசாளு ஷிமோகாவிலிருந்து தாளகுப்பா போகும் ரயில் பாதையில், கெளதி அதையும் தாண்டி. மூன்றையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்கவே முடியாது. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் காரில் ஏறிக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

திரும்பி வந்து கேட்டால் முதலில், "டிரைவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேண்ணா." அப்புறம், "மழையில ரோடு அடைச்சிருந்துச்சு." எந்த ரோடு? அன்றைக்குச் சொட்டு மழை இல்லை, மழைக்குப் பேர்போன ஆகும்பேயிலேயே! அப்புறம், "ரீஃபண்ட் அக்கவுன்ட்ஸ் டீம்ல இருக்கு." கடைசியாக, "போட்டோல எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்று ஒரு மெசேஜ். அதோடு பிளாக். 14,500 ரூபாய் வாங்கியவன் கேட்கிற கேள்வியா இது?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். இடங்களை மேப்பில் போட்டுத் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். ‘பாஸ்’ என்றாலே உஷார். ஷிமோகாவில் இறங்கி ஸ்டாண்டில் வண்டி பேசிக்கொள்ளலாம். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்கும், ஆன்லைன் பண மோசடி என்றால் 1930க்கும் உடனே கூப்பிடுங்கள். நான் 1930இல் பதிந்துவிட்டேன். பாங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள், அதை எடுக்கப் போகிறேன்.